தெளிந்த படம் யாருக்கு?

பக்கத்துப் பக்கத்து வீடுகள் இரண்டு. இரண்டிலும் புதிய டெலிவிஷன் பெட்டி இருக்கிறது. இரண்டிலும் ஒரே கிரிக்கெட் ஆட்டம் ஓடுகிறது. ஒரு வீட்டில் பந்தின் தையல்கூடத் தெரிகிறது. மற்ற வீட்டில் பந்தே மங்கலாகத்தான் தெரிகிறது. பெட்டியில் கோளாறு இல்லை. முதல் வீட்டுக்காரர் எச்.டி. சேனலுக்குப் பணம் கட்டுகிறார். அடுத்த வீட்டுக்காரரால் கட்ட முடியவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

எச்.டி. என்றால் என்ன? டெலிவிஷன் படம் சிறு சிறு புள்ளிகளால் ஆனது. சாதாரணச் சேனலின் படத்தில் ஏறக்குறைய 4 லட்சம் புள்ளிகள் உண்டு. முழு எச்.டி. படத்திலோ ஏறக்குறைய 20 லட்சம். புள்ளி கூடக் கூடப் படம் தெளிகிறது, எழுத்தும் தெளிகிறது.

தமிழ்நாட்டில் டெலிவிஷனை ஏழை வீட்டுக்கும் கொண்டு சேர்க்க அரசே முன்வந்தது. 2006-ல் இலவசக் கலர் டி.வி. வழங்கும் திட்டம் தொடங்கியது. 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்குச் சேனல்களைத் தந்தது. ஆனால், பெட்டி வந்தால் போதுமா? படமும் வரவேண்டும் அல்லவா?

2019-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் புதிய கட்டண முறை நடைமுறைக்கு வந்தது. 100 சேனல்கள் வரை அடிப்படைக் கட்டணம் வரி நீங்கலாக 130 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்றது அந்த விதி. கட்டணச் சேனல்களுக்கு விலை தனி. அதே விதியில் ஒரு எச்.டி. சேனல் இரண்டு சேனலாகக் கணக்கிடப்பட்டது. அத்தனையும் எச்.டி.யாகக் கேட்டால் 100 சேனல் 50 ஆகிவிடும்! முன்பு இலவசமாக வந்த சில சேனல்களும் அப்போது கட்டணச் சேனல்கள் ஆயின. 2024 ஜூலையில் அடிப்படைக் கட்டணத்துக்கு இருந்த உச்சவரம்பையும் ஆணையம் எடுத்துவிட்டது.

கைபேசியிலும் இதே கதைதான். 2023-ல் ஐ.பி.எல். ஆட்டங்களை ஜியோசினிமா இலவசமாகக் காட்டியது. 2025-ல் அது ஜியோஹாட்ஸ்டார் ஆனது. முழு ஆட்டமும் பார்க்கச் சந்தாவோ, சந்தா சேர்ந்த ரீசார்ஜோ வேண்டும் என்று ஆயிற்று. முதலில் பழக்கம், பிறகு விலை!

எச்.டி. படத்தை அனுப்பச் செலவு அதிகம் என்பது உண்மை. அதற்குச் செயற்கைக்கோளில் கூடுதல் இடம் வேண்டும். பணம் போட்டவர் பணம் கேட்பதில் தவறில்லை. சினிமாவுக்கும் சீரியலுக்கும் விலை வைக்கட்டும், விரும்பியவர் வாங்கட்டும்.

ஆனால் டெலிவிஷன் வெறும் பொழுதுபோக்கா? 2020-ல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது கல்வித் தொலைக்காட்சிதான் எத்தனையோ வீடுகளில் வகுப்பறை ஆயிற்று. பலகையில் எழுதியது தெரிந்தால்தானே பாடம் மனத்தில் பதியும்? புயல் வருகிறது என்று வரைபடம் காட்டினால், நம் ஊர் எங்கே என்று தெரியவேண்டாமா? இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பெரியவருக்கும், பார்வை குறைந்த பாட்டிக்கும் தெளிந்த எழுத்து ஆடம்பரமா?

வான் அலைகள் பொதுமக்களின் சொத்து என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பளித்தது. சொத்து நம்முடையது என்றால், அதன் பலனில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் 2004 முதல் மாதக் கட்டணம் இல்லாமல் நடக்கிறது. பாராட்ட வேண்டிய சேவை. ஆனால் அதில் வரும் சேனல்களில் பெரும்பாலானவை சாதாரணப் படமே. செய்தி, பாடம், வானிலை, நாடு முழுவதும் பார்க்கும் விளையாட்டு ஆகிய நான்கையாவது எச்.டி.யில் இலவசமாகத் தரவேண்டும். இது அரசு செய்யக்கூடிய காரியம்.

கம்பெனிகளுக்கும் ஒரு கடமை உண்டு. இலவசமாகக் காட்டிய சேனலை நிறுத்துவதானால், முன்கூட்டியே தமிழில் திரையிலேயே அறிவிக்கட்டும். வீட்டுக்காரர் சரி என்று சொல்லாமல் ஒரு காசும் பிடிக்கக் கூடாது.

நாமும் சும்மா இருக்கலாகாது. கேபிள்காரரிடம் விலைப் பட்டியலைக் கேளுங்கள். ஒரே சேனலுக்குச் சாதாரணமும் எச்.டி.யும் சேர்த்து இரண்டு விலை கொடுக்கிறோமா என்று பாருங்கள். பார்க்காத சேனலை நீக்கச் சொல்லுங்கள். வேண்டிய சேனலைத் தனியாக வாங்க உங்களுக்கு உரிமை உண்டு.

இலவசம் என்றால் மங்கல் என்று ஆகிவிடக் கூடாது. பையில்தான் ஏழை, பணக்காரன் உண்டு. பார்க்கும் கண்ணில் இல்லை.