வலை அறுந்ததும் வாள் உருவுவதோ?

"கடல் எங்கே, குள்ளஞ்சாவடி எங்கே? முந்திரித் தோப்புக்கும் நெய்வேலிச் சுரங்கத்துக்கும் அருகே வாழும் நமக்குக் கடற்சண்டைப் பேச்சு எதற்கு?" என்று கேட்போர் உளர். அவர்கட்கு, அருகிலுள்ள கடலூரையே சான்றாகக் காட்டுகிறோம்.

1744-இல் ஐரோப்பாவில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போரில் இறங்கினர். இங்கேனும் அமைதி நிலவட்டும் என்றார் புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளே. ஆனால் 1745-இல் ஆங்கிலக் கடற்படை பிரெஞ்சு வாணிகக் கப்பல்களைப் பிடித்தது. பிடிபட்டது சரக்கு, பின்தொடர்ந்ததோ போர்! 1746-இல் சென்னைக் கோட்டை பிரெஞ்சார் வசமாயிற்று. அடுத்து, கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையின்மீது அவர்தம் படை பாய்ந்தது.

ஆம், போர் எப்போதும் முரசறைந்து வருவதில்லை. முதலில் மீன்படகு வரும். அதனை விரட்டக் காவற்கப்பல் வரும். அதனை எதிர்க்கப் போர்க்கப்பல் வரும். பின்வாங்கினால் மானக்கேடு என்ற பேச்சு வரும். இறுதியில் பீரங்கி பேசும்! 1974 சனவரியில் பாரசெல் தீவுகளருகே சீன மீன்படகுகளை முன்னிட்டு மூண்ட தகராறு, 19-ஆம் நாள் தென்வியட்நாமின் போர்க்கப்பல் ஒன்று மூழ்குமளவு முற்றியது.

அதே 1974-இல்தான் கச்சத்தீவு இலங்கைக்குரியது என ஒப்பந்தமாயிற்று. பின்னர் பாக் நீரிணையில் நம் மீனவர் சுடப்பட்டனர், சிறைப்பட்டனர், படகிழந்தனர். கண்டிக்கிறோம், கடுமையாகக் கண்டிக்கிறோம். ஆயினும், "அனுப்பு படையை!" என்று முழங்கும் மேடை வீரர்களைக் கேட்கிறோம்: முதற்குண்டு யார் மார்பில் பாயும்? உங்கள் மார்பிலா? நடுக்கடலில் நிற்கும் ஏழை மீனவன் மார்பிலன்றோ!

அக்கரையில் வலை வீசுவோனும் தமிழனே. நம் விசைப்படகுகளின் இழுவலை அவன் வலையைக் கிழிக்கிறது, கடலடியைச் சுரண்டுகிறது. 2017-இல் இலங்கை அம்முறையைச் சட்டத்தால் தடுத்தது. இதனை மறைப்பது வீரமா? அன்று, விவேகமும் அன்று.

ஐசுலாந்தும் பிரிட்டனும் மீனுக்காக மோதின; வலைகள் அறுந்தன; கப்பல்கள் இடித்துக்கொண்டன. எனினும் 1976-இல் பேசித் தீர்த்தன. அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

இரு கரை மீனவரும் ஒரே மேசையில் அமரட்டும். இழுவலை ஒழியட்டும், அதனைக் கைவிடுவோர் வாழ்வுக்கு அரசு பொறுப்பேற்கட்டும். துப்பாக்கிச் சூடு ஒவ்வொன்றும் இரு நாடும் சேர்ந்து, மக்கள் அறிய விசாரிக்கப்படட்டும்.

நிலக்கரி மண்ணருகே வாழும் நமக்கா தெரியாது, ஒரு பொறி என்ன செய்யுமென்று? பொறியாக உள்ளபோதே அணைப்போம்!