கடலாமையும் மனிதர் கடமையும்

ஐம்பொறிகளையும் அடக்கி வாழ்வார்க்கு ஆமையை உவமையாகக் காட்டினார் திருவள்ளுவர். இடர் வந்தபோது தலையையும் கால்களையும் ஓட்டினுள் ஒடுக்கிக்கொள்ளுதல் ஆமையின் இயல்பு என்பதை யாவரும் அறிவர். கடலாமைக்கோ அப்பேறு இல்லை. அதன் கால்கள் நீந்துதற்கேற்பத் துடுப்புகளாய் அமைந்துள்ளன. அவற்றையும் தலையையும் அது உள்ளிழுத்துக்கொள்ள இயலாது.

உலகிலுள்ள கடலாமை வகைகள் 7. அவற்றுள் தமிழகக் கரைக்கு மிகுதியாக வருவது பங்குனி ஆமையாகும். ஆண்டின் முதல் சில திங்களில், சென்னை, கடலூர், நாகப்பட்டினம் முதலிய இடங்களில் பெண் ஆமை இரவில் கரையேறுகிறது. பின்கால்களால் மணலில் குழி பறித்து, ஏறத்தாழ 100 முட்டைகளை இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது. பின்னர் அது அவற்றைக் காண வருவதில்லை. மணலின் வெப்பமே செவிலித்தாயாகி அவற்றைப் பேணுகிறது. 45 முதல் 60 நாள்களில் குஞ்சுகள் வெளிப்படுகின்றன. வெப்பம் மிகுந்தால் பெண்ணும், குறைந்தால் ஆணும் பிறத்தல் வியப்பிற்குரியதன்றோ!

இரவில் நிலத்தினும் கடல்மேல் வானம் சிறிது ஒளியுடையதாய்த் தோன்றும். அவ்வொளியை நோக்கியே குஞ்சுகள் கடலை அடைகின்றன. கரையோர மின்விளக்குகள் அவற்றை மயக்கி ஊர்ப்புறம் இழுக்கின்றன. அங்ஙனம் சென்றவை நாய்களுக்கு இரையாகியும், வண்டிச் சக்கரங்களில் நசுங்கியும் மடிகின்றன. இதற்கு இரங்கிய சென்னை மாணவர் சிலர் 1988-ஆம் ஆண்டில் ஓர் அமைப்பினைத் தோற்றுவித்தனர். அவர்வழி வந்தோர் இன்றும் இரவெல்லாம் கரையில் நடந்து, முட்டைகளைத் திரட்டி, வேலியிட்ட இடத்தில் புதைத்துக் காத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர். வனத்துறையும் இப்பணியை ஆற்றி வருகிறது. இது பெரிதும் போற்றத்தக்கது.

எனினும், முட்டைகளைக் காத்தால் போதும் எனக் கருதுதல் பிழையாகும். குஞ்சுகளுள் மிகச் சிலவே வளர்ந்து பருவம் எய்துகின்றன. அதற்கும் பத்தாண்டுகளுக்குமேல் ஆகிறது. அங்ஙனம் அரிதின் வளர்ந்த தாய், கரையை நாடி வரும் வழியிலேயே விசைப்படகுகளின் இழுவைமடி வலையில் சிக்குகிறது. ஆமை மீனன்று, நீர்மேல் வந்து மூச்சு விடும் உயிர். வலையில் நெடுநேரம் அகப்பட்டால் அது மூச்சுத் திணறி இறந்துபோகிறது. 2025-ஆம் ஆண்டு சனவரியில் சென்னையை அடுத்த கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. முட்டையைப் பேணித் தாயை இழத்தல், வேரை அறுத்துவிட்டுத் தளிருக்கு நீர் தெளிப்பதனை ஒக்கும்.

அவ்வாறாயின் மீனவர் பிழைப்பது எங்ஙனம் எனச் சிலர் வினவலாம். அவ்வினா நேரியதே. வலையை விடுதல் வேண்டுவதில்லை. வலையினுள் கம்பிச் சட்டம் ஒன்றைப் பொருத்தினால், மீனும் இறாலும் கம்பிகளின் இடைவழியே உள்ளே செல்லும். ஆமை தடுக்கப்பட்டு, அருகிலுள்ள திறப்பின் வழியே வெளியேறும். இதனால் மீன் சிறிது தப்புதலும் கூடும். அவ்விழப்பை மீனவர்மேல் மட்டும் சுமத்துதல் முறையன்று; அரசும், மீனை விரும்பி உண்போரும் அதில் பங்கேற்றல் வேண்டும். சட்டம் விலக்கிய கரையோரக் கடலில் விசைப்படகினர் வலை இழுத்தலாகாது. கரையில் வாழ்வோர் அத்திங்களில் வேண்டாத விளக்குகளை அணைத்தல் வேண்டும்.

கடலாமை தன் உறுப்புகளை ஒடுக்கிக்கொள்ள இயலாது. மனிதரோ தம் வலையையும் விளக்கையும் ஆண்டில் சில திங்கள் அடக்கிக்கொள்ள இயலும். இயன்றதைச் செய்யாமை அறமாகாது.