கட்டியா, கிட்னியா? எண்ணிட்டு அப்புறம் கத்தியை எடுங்க

"அடிவயிற்றில் கட்டி." ஸ்கேன் ரிப்போர்ட்டில் இதைப் பார்த்ததும் நம்ம ஊரில் அடுத்த பேச்சு "எப்ப ஆபரேஷன், எவ்வளவு ஆகும்?" என்பதுதான். அது கட்டிதானா என்று யாரும் கேட்பதில்லை. எனக்குக் கோபமே அதில்தான்.

அது கிட்னியாகவும் இருக்கலாம். சிரிக்காதீங்க! கருவில் நம்ம எல்லாருக்குமே கிட்னி இடுப்புக்குள்தான் உருவாகிறது. அப்புறம் மெல்ல மேலேறி, ஒன்பதாவது வாரவாக்கில் விலாவுக்குக் கீழே போய் உட்காருகிறது. சிலருக்கு ஏறாமலே நின்றுவிடும். ஏறத்தாழ 2000, 3000 பேரில் ஒருவருக்கு இப்படி. 2011 கணக்கெடுப்பில் கோவை மாநகராட்சியில் 10 லட்சம் பேருக்கு மேல். போட்டுப் பாருங்க, முந்நூறு பேருக்குக் குறையாது. பாதிப் பேருக்குத் தெரிந்துகூட இருக்காது, ஏன்னா தொந்தரவே இல்லாமல் அது பாட்டுக்கு வேலை செய்யும்.

"டாக்டர்களுக்குத் தெரியாததையா காமர்ஸ் படிக்கிற நீ சொல்லப்போறே?" தெரியும் சார், பாடப்புத்தகத்திலேயே இருக்கு. ஆனா 'கர்ப்பப்பை ஸ்கேன்' என்று சீட்டு எழுதினால் பார்ப்பது மூத்திரப்பை, கர்ப்பப்பை, சினைப்பை. விலாப் பக்கம் எட்டிப் பார்க்கச் சீட்டில் சொல்லவில்லையே! கணபதியில் ஒரு பம்புசெட் கடையில் குடோனில் ஒரு மோட்டார் குறையுது, கடை மூலையில் கணக்கில் வராத ஒரு பெட்டி கிடக்குது. ரெண்டையும் சேர்த்துப் பார்க்காமல் பெட்டியை எடைக்குப் போடுறவரைக் கணக்குப்பிள்ளைன்னு சொல்வோமா?

போட்டதுக்கு சாட்சி உண்டு. நியூயார்க்கில் போல்க் என்ற டாக்டர் ஒரு இளம்பெண்ணின் இடம் மாறிய கிட்னியை எடுத்ததை 1883-இல் எழுதி வைத்தார். எடுப்பது கிட்னி என்று அவருக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கு இருந்ததே அந்த ஒன்றுதான் என்பது தெரியாது. பதினோரு நாள் உயிரோடு இருந்தாள். அன்றைக்கு உள்ளே எட்டிப் பார்க்க ஸ்கேன் இல்லை. இன்றைக்குத் தெருவுக்கு ஒன்று இருக்கே?

வயிற்றைத் திறந்த பிறகு சந்தேகம் வந்தால்? 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம், உறுப்பை எடுக்கக் கொடுத்த சம்மதம் ஆகாது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லையென்றால் மூடிவிட்டுக் கேட்கணும்.

அவ்வளவு தூரம் ஏன் போகணும்? ப்ரோப் கையில்தான் இருக்கு, ஜெல்லும் தடவியாச்சு. விலாப் பக்கம் ரெண்டு நிமிஷம் நகர்த்தி, 'ரெண்டு கிட்னியும் இன்ன இடத்தில்' என்று ஒரு வரி எழுத இன்னும் எவ்வளவுங்க செலவாகும்?