ஒரு படம் போதுமா?

ஒருமுறை படமெடுத்த தெருவை மறுமுறை படமெடுப்பது வீண் வேலை என்றொரு கருத்து நம்மிடையே வேரூன்றி வருகிறது. இளைஞர்களுக்குக் காமிராக் கலை கற்பிப்போரும், போட்டிகளில் நடுவராய் அமர்வோரும் புதிய இடம், புதிய முகம், புதிய கோணம் என்றே ஓதுகின்றனர். மற்றொரு சாரார் சற்றே இறங்கி வருகின்றனர். மறுபடியும் போகலாம், ஆனால் கை தேர்ந்தபின் போய் அழகியதொரு படம் எடுத்துவந்து, கற்றுக்குட்டிக் காலத்துப் படத்தைக் கிழித்தெறிந்துவிட வேண்டும் என்கின்றனர். இவ்விரு சாராரின் கூற்றையும் நாம் வன்மையாக மறுக்கிறோம்.

இதனை மெய்ப்பிக்கக் கடல் கடக்க வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை ஒருமுறை பயணம் செய்தால் போதும். ஏரிகளும் வயல்களும் பனைகளும் சூழ்ந்திருந்த அந்நிலப்பரப்பில், இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து ஹூண்டாயின் முதற்கார் 1998ஆம் ஆண்டு வெளிவந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. இன்று அங்கே கொரிய உணவகப் பலகைகளைக் காண்கிறோம். வடமாநிலத் தொழிலாளரின் பேச்சைத் தேநீர்க் கடைகளில் கேட்கிறோம். ஷிப்ட் மாறும் வேளையில் கம்பெனிப் பேருந்துகள் வரிசை வரிசையாகச் செல்கின்றன. இத்துணை விரைவாக மாறும் தெருவை ஒரே ஒரு படத்தால் அறிந்துவிட்டோம் என்று எவரேனும் கூறின், அதனை அறியாமை என்பதா, ஆணவம் என்பதா?

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைபேசி ஆலையின் வாயிலை எடுத்துக்கொள்வோம். அங்கே உற்பத்தி தொடங்கியது 2006ஆம் ஆண்டில். அவ்வாண்டு மட்டும் படமெடுத்தவர், சீருடை அணிந்து வேலைக்குச் செல்லும் இளம்பெண்களைக் காட்டி, 'பாரீர் வளர்ச்சியை' என்றிருப்பார். 2014 நவம்பர் முதல் நாள் உற்பத்தி நின்றது. அன்று மட்டும் வந்தவர், மூடிய கதவைக் காட்டி, 'பாரீர் வீழ்ச்சியை' என்றிருப்பார். 2019இல் சால்காம்ப் நிறுவனம் அவ்வாலையை வாங்க முன்வந்தது. பின்னர் அங்கே மீண்டும் வேலை தொடங்கியது. மூன்று படங்களும் பொய்யல்ல. ஆயினும் தனித்து நிற்கையில் ஒவ்வொன்றும் அரை உண்மையே. மூன்றையும் அடுத்தடுத்து வைத்த பின்னரே, முதற்படத்தில் நகைத்த பெண் இரண்டாம் படத்தின்போது எங்கே போனாள், மூன்றாம் படத்தின்போது திரும்பி வந்தாளா என்ற கேள்வி பிறக்கிறது.

விளம்பரக்காரர்களும் இரண்டு படங்களை அருகருகே வைக்கிறார்களே என்பீர்கள். ஆம், வைக்கிறார்கள். 'அன்று பொட்டல், இன்று ஆலை' என்பது அவர்களின் பாடம். அப்பொட்டலில் ஆடு மேய்த்தவர் யார், பயிரிட்டவர் யார் என்பதை அவர்களின் முதற்படம் சொல்லாது. ஆலை மூடிய நாளின் படத்தையோ அவர்கள் வைக்கவே மாட்டார்கள். தங்களுக்கு உகந்த இரு நாட்களை மட்டும் தேர்ந்தெடுத்து வரலாறு என்று விற்பதை முறியடிக்க, யாருக்கும் கட்டுப்படாது ஆண்டுதோறும் அதே இடத்திற்குச் செல்லும் காமிரா வேண்டும்.

2021 டிசம்பரில், விடுதி உணவு நஞ்சானதை எதிர்த்து, பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். காமிராக்கள் அங்கே விரைந்தன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. திறப்பு விழாவுக்கும் காமிராக்கள் விரைந்தன. அவ்விரு நாட்களுக்கும் இடையே கழிந்த இரண்டரை ஆண்டுகளில், அப்பெண்கள் உண்டதையும் உறங்கியதையும் காண மறுபடியும் சென்றவர் எத்தனை பேர்? அதே 2024இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர் 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 38ஆம் நாள் அச்சாலையோரம் எப்படியிருந்தது என்று காட்டும் படம் யாரிடம் உண்டு? ஆர்ப்பாட்டத்திற்கு ஒருநாள் வந்து போவதைச் செய்தி எனலாம். சாட்சியம் என்று அதனை ஒப்ப நம்மால் இயலாது.

இனி, அனுபவம் என்பது யாது? கூரிய லென்சும் விலையுயர்ந்த காமிராவும் கைவரப் பெறுவதன்று. 1984இல் பெஷாவருக்கு அருகே அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி என்பார் ஓர் ஆப்கானியச் சிறுமியைப் படமெடுத்தார். மறு ஆண்டு ஜூன் மாத 'நேஷனல் ஜியாகிரபிக்' அட்டையில் வந்த அப்படம் உலகை உலுக்கிற்று. ஆனால் அச்சிறுமியின் பெயர் உலகுக்குத் தெரியாது. 2002இல் மீண்டும் தேடிச் சென்றபோதுதான் அவர் ஷர்பத் குலா என்பது தெரியவந்தது. தம் முகம் உலகெங்கும் பரவியிருந்த அப்படத்தை அவர் அதுவரை கண்டதுமில்லை! கலை நுட்பத்தில் இரண்டாம் படம் முதற்படத்திற்கு ஈடாகாது என்போர் சொல்லிக்கொள்ளட்டும். பெயரில்லாத முகத்திற்குப் பெயர் கிடைத்தது மறுபடி சென்றதனாலன்றோ?

கைதேர்ந்தவரின் தேர்ச்சியே சில வேளைகளில் கண்ணை மறைத்துவிடுகிறது. ஒரகடம் நாற்சந்தியில் நிற்கும் தேர்ந்த கலைஞர், அந்திச் சூரியனையும் ஒரு தனி உருவத்தையும் மட்டும் நிறுத்தி, பிறவற்றை மங்கலாக்கிவிடுவார். ஏதுமறியாத இளைஞனோ தேநீர்க் கடை விலைப்பட்டியல், சுவரொட்டி, பாதி வெட்டுண்ட பேருந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வருவான். இருபது ஆண்டுகள் கழித்து ஆராய்வோனுக்கு அந்த விலைப்பட்டியலே பெருஞ்செல்வமாகும். அதனைக் கிழித்தெறியச் சொல்லும் அறிவுரையை என்னென்பது?

கமிலோ ஹோசே வெர்காரா என்பார் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஒரே கடைமுகப்பை 1977 முதல் திரும்பத் திரும்பப் படமெடுத்தார். இரவு விடுதியாக இருந்த அக்கடை மெத்தைக் கடையாகவும் பின்னர் வழிபாட்டுக் கூடமாகவும் மாறியதை அப்படவரிசை காட்டுகிறது. எவரும் திரும்பிப் பாராத கடைமுகப்பு அது. பழைய படங்களைக் கழித்துவிட்டு இறுதிப் படத்தை மட்டும் அவர் வைத்திருந்தால் நமக்கு என்ன கிடைத்திருக்கும்?

இதற்கு முறையும் உண்டு. 1977 முதல் 1979 வரை மார்க் கிளெட்டும் அவர்தம் குழுவினரும், நூறாண்டுகளுக்கு முன் அமெரிக்க மேற்கு நிலங்களைப் படமெடுத்தவர்கள் நின்ற இடங்களைத் தேடிப்பிடித்து, நிழல் விழும் பொழுதையும் ஒத்துப் பார்த்து மீண்டும் படமெடுத்தனர். நம் இளைஞர்களுக்கு இது எட்டாத வித்தையன்று. அசையாத ஓர் அடையாளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு குடிநீர்த் தொட்டியோ கோவில் கோபுரமோ பள்ளிவாசல் மினாராவோ போதும். அதே இடத்தில், அதே உயரத்தில், அதே ஷிப்ட் வேளையில் நில்லுங்கள். நாளையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். படத்தில் இருப்பவரின் இசைவைக் கேளுங்கள், பெயரைக் கேளுங்கள். மறுமுறை போகும்போது முதற்படத்தின் பிரதியொன்றை அவர் கையில் கொடுங்கள்.

போட்டி நடத்துவோருக்கும் பத்திரிகை ஆசிரியர்களுக்கும் நாம் வைக்கும் கோரிக்கை ஒன்றுண்டு. பரிசும் பக்கமும் ஒற்றைப் படத்திற்கே என்ற வழக்கத்தை விடுங்கள். ஒரே தெருவின் ஐந்தாண்டுப் படங்களைக் கேளுங்கள். அவற்றுள் முதற்படம் கோணலாயிருப்பினும் நீக்காது அச்சிடுங்கள். ஒரகடத்து உழைப்பாளி நாளை தம் வரலாற்றைக் கேட்டு வருவார். அன்று அவருக்குக் காட்ட அந்தக் கோணல் படமும் நம்மிடம் இருந்தாக வேண்டும்.