கூச்சக்காரப் பிள்ளை துப்பறியக் கூடாதா?

"நாலு பேர் முன்னால் பேசவே திணறுகிற பிள்ளையை வைத்துத் துப்பறியும் கதை எழுதினால் யார் படிப்பார்கள்?" இளையோருக்கு எழுத வருகிறவர்களிடம் இப்படிக் கேட்கிறார்கள். கேள்விபோல ஒலித்தாலும் இது தீர்ப்பு. துப்பறிகிறவனுக்கு வாய் வேண்டும், இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, நம் சின்ன ஊர்களில் மர்மத்துக்கு இடமில்லை, படிக்கிற பிள்ளை இன்னும் ஒடுங்கிப்போகும் என்று அதற்குக் காரணங்களும் அடுக்குகிறார்கள். ஒன்றுகூட நிற்காது.

முதலில் வாய். ராஜபாளையத்தில் ஒரு தெருவுக்குள் நுழைந்து யாராவது துருவிக் கேட்டால், "நீங்க யாரு, யார் வீட்டுக்கு வந்திருக்கீங்க?" என்பதுதான் பதிலாக வரும். பொழுது சாய்வதற்குள் விஷயம் ஊருக்கே தெரிந்துவிடும். வாய்த்திறமையுள்ள துப்பறிவாளர் அங்கேயே தோற்றார். அதே ஊரில் ஒரு கல்யாண வீட்டு மூலையில், யார் முகத்தையும் பார்க்கக் கூசி, வாசலில் கிடக்கும் செருப்புகளையே பார்த்துக்கொண்டிருக்கும் பதினான்கு வயதுப் பெண்ணை யாரும் பொருட்படுத்துவதில்லை. பெரியவர்கள் அவளை வைத்துக்கொண்டே எல்லாம் பேசுகிறார்கள். யார் எந்தச் செருப்பில் வந்து எதை மாட்டிக்கொண்டு போனார் என்பதும் அவளுக்குத்தான் தெரியும்.

ஆர்தர் கோனன் டாயில் 1892-இல் எழுதிய 'சில்வர் பிளேஸ்' கதையில் இரவில் நாய் குரைக்கவில்லை. வந்தவன் அதற்குப் பழக்கமானவன் என்று துப்பறிவாளர் ஹோம்ஸ் முடிவுகட்டுகிறார். அந்தக் குதிரை லாயம் ராஜபாளையத்தில் இருந்திருந்தால்? வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்குமாக, 2005-இல் இந்திய அஞ்சல் தலையிலும் இடம்பெற்ற ராஜபாளையம் நாய்களில் பிறவியிலேயே காது கேளாதவை உண்டு. குரைக்காத நாய்க்கு வந்தவனைத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. அவன் வந்ததே அதன் காதில் விழாமல் இருந்திருக்கலாம். மனிதர்களிடம் ஒட்டாமல் நாயோடு மணிக்கணக்கில் கிடக்கிற பிள்ளைக்கு இது தெரியும். ஹோம்ஸுக்குத் தெரியாது.

வெளிநாட்டுச் சரக்கா? பக்கத்துச் சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு வந்தபோது, அவன் பிரிட்டனிலிருந்து வந்தவன் என்று யாரும் ஒதுக்கவில்லை. தமிழ்ச் சிறுவர்கள் அவனைக் கொண்டாடினார்கள். அதற்கும் முன்பே, 1940-களில், ஆனந்த விகடனில் தேவன் படைத்த துப்பறியும் சாம்பு நமக்கு இருந்தார். அசடு என்று எல்லாரும் ஒதுக்கிய வங்கி குமாஸ்தா அவர். வாசகர்கள் அவரைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டார்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: சாம்பு வென்றது பெரும்பாலும் அதிர்ஷ்டத்தால். கூச்சக்காரரின் மூளையே வழக்கை அவிழ்ப்பதாக எழுதுவது அடுத்த படி.

மேலை எழுத்தாளர்கள் அந்தப் படியில் ஏறிவிட்டார்கள். மார்க் ஹேடனின் 2003 நாவலில் பதினைந்து வயது கிறிஸ்டோபர், பக்கத்து வீட்டு நாயைக் கொன்றது யார் என்று தேடுகிறான். 2007-இல் வந்த ஷிவோன் டௌடின் 'லண்டன் ஐ மிஸ்டரி'யில், பிறரின் முகக்குறிப்பு புரியாத டெட், காணாமல்போன உறவுக்காரப் பையனைத் தேடுகிறான். இத்தகைய கதைகள் மீது நியாயமான குறை ஒன்று உண்டு: பழகத் தெரியாத பிள்ளைக்கு ஈடாகக் கணித மேதைமையைக் கொடுத்துவிடுவது. மேதையாக இருந்தால்தான் மதிப்போம் என்பது கொடுமையான பேரம். அந்தப் பேரம் இல்லாமல் நாம் எழுதலாம்.

சின்ன ஊரில் மர்மமில்லை என்பவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்புப் பக்கம் போய்ப் பார்க்கட்டும். நரை அணிலுக்காக 1988-இல் அறிவித்த சரணாலயம், 2021-இல் வந்த ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம், நூற்பாலைகள், பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள், ஆண்டாள் கோயில் திருவிழாக் கூட்டம். கதைக்களத்துக்கு என்ன குறை? இந்த மண்ணைக் கதையாக்கியவரும் உண்டு: ராஜபாளையத்துக் கொ.மா. கோதண்டம் மேற்குத் தொடர்ச்சி மலையின் பளியர் பழங்குடியினரைப் பற்றி எழுதியவர். 'காட்டுக்குள்ளே திருவிழா'வுக்காக 2012-இல் பால சாகித்ய புரஸ்கார் விருது பெற்றார்.

படிக்கிற பிள்ளை ஒடுங்கிப்போகும் என்ற கடைசி வாதம்தான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. தன்னைப் போன்ற ஒருத்தியைக் கதையில் பார்ப்பதால் எந்தப் பிள்ளையும் ஒடுங்காது. எங்குமே பார்க்காததால்தான் ஒடுங்குகிறது. 2020-இல் அதே விருதைப் பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', வெளியே சொல்ல முடியாமல் ஒரு சிறுமி அடக்கிவைத்த பாலியல் துன்புறுத்தலைப் பிள்ளைகளே படிக்கும்படி எழுதியது. அவருடைய 'துலக்கம்' ஆட்டிசம் உள்ள சிறுவனின் கதை. தமிழில் இதற்கு வாசகர்கள் இருக்கிறார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875 முதல் பென்னிங்டன் நூலகம் இருக்கிறது. அங்கே யாரிடமும் பேசாமல் அலமாரிப் பக்கம் நிற்கும் பிள்ளைக்காக அந்த ஊர்க் கதையை எழுதுங்கள். கடைசி அத்தியாயத்தில் அவளை மேடையேற்றிக் கணீரென்று பேசவைத்து, கூச்சம் போய்விட்டது என்று முடித்துவிடாதீர்கள். வழக்கை அவள் அவிழ்க்கட்டும். பேச வேண்டுமா என்பதையும் அவளே முடிவு செய்யட்டும்.