கில்மார்ட்டினின் அமைதி

ஸ்காட்லாந்து போய்வந்தவர்கள் காட்டும் படங்களில் ஒரு பச்சைப் பள்ளத்தாக்கு தவறாமல் இருக்கும். நடுவில் ஒரு கல்வீடு, பின்னால் மேகம் இறங்கிய மலை, முன்னால் நாலைந்து செம்மறியாடு. மனிதர் மட்டும் இருக்க மாட்டார். படத்துக்குக் கீழே "என்ன ஒரு அமைதி!" என்று எழுதியிருப்பார்கள். நானும் அப்படி எழுதுகிற ஆள்தான். கில்மார்ட்டினுக்குப் போய்வந்த பிறகு அந்த வரி கைக்கு வர மறுக்கிறது.

கிளாஸ்கோவில் பஸ் ஏறினால் லோமண்ட் ஏரிக்கரையை ஒட்டி, மலைக்கணவாய் ஒன்றில் ஏறி இறங்கி, இன்வரேரி வழியாக லாக்கில்ப்ஹெட் என்ற சிறிய ஊரில் கொண்டுவந்து விடுவார்கள். அங்கிருந்து வடக்கே 13 கிலோமீட்டர் போனால் ஆர்கைல் பகுதியின் கில்மார்ட்டின். ஓபனுக்குப் போகும் நெடுஞ்சாலைதான் ஊரின் ஒரே தெரு. ஒரு தேவாலயம், ஒரு ஓட்டல், ஒரு அருங்காட்சியகம், ஒரு வரிசை வீடுகள். நடக்கத் தொடங்கினால் ஐந்து நிமிஷத்தில் ஊர் முடிந்துவிடும், புல்வெளி ஆரம்பித்துவிடும்.

ஆனால் அந்தப் புல்வெளியில் இருப்பவை சாதாரணமானவை அல்ல. ஊரிலிருந்து ஆறு மைல் தூரத்துக்குள் 800க்கும் மேற்பட்ட தொல்சின்னங்கள் இருக்கின்றன. கற்குவைகள், கல்வட்டங்கள், ஆளைவிட இரண்டு மடங்கு உயரத்தில் நிற்கும் நெடுங்கற்கள், பாறையில் கொத்திய குழிகளும் வளையங்களும். தேவாலயத்துக்குக் கீழேயுள்ள வயலில் தொடங்கி ஐந்து கற்குவைகள் ஒரே கோட்டில் தெற்கு நோக்கிப் போகின்றன. எல்லாம் ஈமச்சின்னங்கள். அவற்றில் மூத்தது ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழமையானது. நெதர் லார்கி வடக்குக் குவையின் உச்சியில் ஒரு தள்ளுகதவு இருக்கிறது. அதைத் திறந்து ஏணியில் இறங்கினால் கல்லறைக்குள்ளேயே நிற்கலாம். மூடுகல்லில் வெண்கலக் கோடரிகளின் உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். அறையின் சுவரும் கூரையும் 1930இல் அகழ்ந்து பார்த்த பிறகு காங்கிரீட்டில் கட்டியவை. கல் அசல்.

டிக்கெட் கிடையாது. காவலாளி கிடையாது. தொடாதே என்ற பலகையும் கண்ணில் படவில்லை. வேலி ஓரமாக டிராக்டரை நிறுத்திவிட்டு நின்ற ஒரு விவசாயியிடம், இதையெல்லாம் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டேன். "ஆடுகள்தான்," என்றார். சிரிக்கவில்லை. நியாயமான பதில்தான். புல் உயரமாக வளர்ந்துவிட்டால் பாதிக் கற்கள் மறைந்துபோகும். மேய்கிற ஆடுதான் அங்கே தொல்லியல் துறையின் அடிமட்ட ஊழியர்.

அடுத்தவர் நிலத்துக்குள் இப்படி நடந்துபோக எனக்கு யார் அனுமதி கொடுத்தார்கள்? சட்டம் கொடுத்தது. ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, வீட்டு முற்றம், பயிர் நிற்கும் வயல் போன்றவை தவிர ஏறக்குறைய எந்த நிலத்திலும் எவரும் பொறுப்போடு நடக்கலாம். கேட்டை இருந்தபடியே விட்டுப் போக வேண்டும், குட்டி போடும் காலத்தில் ஆடுகளைக் கலைக்கக் கூடாது, நாயைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான். இங்கிலாந்தில்கூட இந்த உரிமை இந்த அளவுக்கு இல்லை. நல்ல சட்டம், சந்தேகமில்லை. ஆனால் நடக்கும் உரிமைதான் எல்லாருக்கும். நிலம் எல்லாருக்கும் இல்லை. ஸ்காட்லாந்தின் தனியார் கிராமப்புற நிலத்தில் பாதி, ஐந்நூறுக்கும் குறைவான உரிமையாளர்களின் கையில் இருக்கிறது. ஐரோப்பாவில் நில உடைமை இவ்வளவு சிலரிடம் குவிந்திருக்கும் நாடுகள் குறைவு. அந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால்தான் புல்வெளியின் விரிவு புரிகிறது.

கில்மார்ட்டினுக்குத் தெற்கே தட்டையான சதுப்பு நிலம். மோய்ன் வோர் என்று பெயர். அதன் நடுவே திடீரென்று முளைத்த மாதிரி ஒரு பாறைக்குன்று, டனாட். ஐம்பது மீட்டர் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். ஏறுவதற்குக் கால் மணி நேரம் போதும், மழையில் வழுக்கும் என்பதால் எனக்கு அதற்கு மேல் ஆனது. ஏறத்தாழ கி.பி. 500இலிருந்து சில நூற்றாண்டுகள் இது தால் ரியாட்டா என்ற கேலிக் அரசின் கோட்டை. 683இல் இங்கே முற்றுகை நடந்ததையும், 736இல் பிக்டிஷ் மன்னன் ஒருவன் கோட்டையைப் பிடித்ததையும் அயர்லாந்தின் ஆண்டுக் குறிப்புகள் பதிந்திருக்கின்றன. உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு பாறையில் காலடித் தடம் ஒன்றைக் குடைந்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு காட்டுப்பன்றி உருவம். புதிதாக முடிசூடுகிறவன் அந்தத் தடத்தில் கால் வைத்து நிற்பானாம். மண்ணுக்குத் தாலி கட்டுகிற சடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். இன்று நாம் கால் வைப்பது அசல் பாறையின் மேல் பொருத்திய நகலில். மூலம் அடியில் பத்திரமாக இருக்கிறது. எனக்கு அதில் ஏமாற்றம் ஒன்றும் இல்லை. அத்தனை சுற்றுலாப் பாதங்களையும் தாங்கினால் எந்தப் பாறைதான் மிஞ்சும்?

குன்றின் மேல் நின்றால் மேற்கே கிரினன் விரிகுடாவும் அதற்கப்பால் ஜூரா தீவும் தெரிகின்றன. (ஜூராவின் வடகோடிப் பண்ணைவீட்டில்தான் ஜார்ஜ் ஆர்வெல் தன் '1984' நாவலை எழுதி முடித்தார். 1947இல் பக்கத்துக் கடல்சுழலில் படகு கவிழ்ந்து உயிர் பிழைத்தவர். அவருக்கும் தேவைப்பட்டது இந்த அமைதிதான்.) டனாடை அகழ்ந்தபோது பிரான்ஸிலிருந்து வந்த மட்பாண்டங்கள், உலோக அணிகள் வார்க்கும் அச்சுகள், மத்திய தரைக்கடல் பக்கத்திலிருந்து வந்த மஞ்சள் நிறமி எல்லாம் கிடைத்தன. ஒதுக்குப்புறம் என்று நாம் இன்று சொல்கிற இந்த இடம் அன்று நடுப்புறமாக இருந்திருக்கிறது. அக்காலத்தின் நெடுஞ்சாலை கடல். கின்டைர் முனையிலிருந்து அயர்லாந்து சுமார் 20 கிலோமீட்டர்தான்.

ஊருக்கு வடக்கே ஒரு மைல் தொலைவில் கார்னாசரி கோட்டை. 1685 கலகத்தில் வெடி வைத்துத் தகர்த்ததால் கூரை போய், சுவர் மிச்சம். இதைக் கட்டிய ஜான் கார்ஸ்வெல் ஒரு பாதிரியார். ஸ்காட்லாந்தின் மதச் சீர்திருத்தவாதி ஜான் நாக்ஸின் வழிபாட்டு நூலைக் கேலிக் மொழியில் பெயர்த்து 1567இல் எடின்பரோவில் அச்சிட்டார். உலகில் கேலிக்கில் அச்சான முதல் புத்தகம் அதுதான். தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் வெளிவந்தது 1578இல். பதினோரு வருஷ இடைவெளி. இரண்டும் கிறித்தவ மத நூல்கள், இரண்டும் மொழிபெயர்ப்புகள். அச்சு ஏறக்குறைய ஒரே சமயத்தில் இரண்டு மொழிகளின் வாசலுக்கும் வந்திருக்கிறது. பிறகு நடந்தது வேறு. 1872இன் கல்விச் சட்டம் பள்ளிக்கூடத்தில் கேலிக்குக்கு இடமே தரவில்லை. 2022 கணக்கெடுப்பில் கேலிக் ஓரளவாவது தெரிந்தவர்கள் ஸ்காட்லாந்தில் 2.5 சதவீதம். 2025இல்தான் அதற்கு ஆட்சிமொழித் தகுதி தரும் சட்டம் நிறைவேறியது. மொழி மெலிந்ததற்குச் சட்டம் ஒரு காரணம். பேசியவர்களை ஊரைவிட்டு அனுப்பியது இன்னொரு காரணம்.

அந்தக் கதைக்கு வருகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி போல்டாலக் எஸ்டேட்டுக்குச் சொந்தம். உரிமையாளர்கள் மால்கம் குடும்பம். அவர்களுடைய பணத்தில் பெரும்பங்கு ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. அந்தப் பணத்தில் நிலம் வாங்கினார்கள், சதுப்பை வடித்தார்கள், மரம் நட்டார்கள். டெம்பிள் வுட் என்ற கல்வட்டத்தைச் சுற்றி இன்று ரம்மியமாக நிற்கும் சோலையும் அந்தக் காலத்து நடவுதான். கற்கள் நிற்கத் தொடங்கியபோது சுற்றிலும் இப்படியொரு தோப்பு இல்லை.

1846இலிருந்து மேற்கு மேட்டுநிலத்தில் உருளைக்கிழங்கில் நோய் விழுந்து பஞ்சம். குடியானவர்கள் வாடகை கட்ட முடியாமல் தவித்தார்கள். எஸ்டேட்டுகளுக்கோ ஆடு வளர்த்தால் லாபம். 1848இல் தெற்கே நாப்டேல் பகுதியில், அதே எஸ்டேட்டைச் சேர்ந்த அரிக்கோனன் என்ற சிற்றூரைக் காலிசெய்ய ஆட்கள் வந்தார்கள். ஊர் எதிர்த்து நின்றது. பக்கத்து ஊர்க்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். பெண்களும் முன்னால் நின்றார்கள். கைகலப்பு, கைது, வழக்கு, சிலருக்குச் சிறை. கடைசியில் ஊர் காலியானது. மறுவருஷமே, 1849இல், மால்கம் குடும்பம் போல்டாலக்கில் ஒரு மாளிகை கட்டத் தொடங்கியது. வில்லியம் பர்ன் என்ற பெயர்பெற்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பு. ஏறக்குறைய நூறு வருஷம்தான் அது கூரையோடு நின்றது. 1950களில் வரிச்சுமை தாங்காமல் கூரையைக் கழற்றிவிட்டார்கள். கூரையில்லாத கட்டடத்துக்கு வரி இல்லை. இன்று அதுவும் இடிபாடு. விரட்டப்பட்டவர்களின் வீட்டுக்கும் கூரை இல்லை, விரட்டியவர்களின் வீட்டுக்கும் கூரை இல்லை. இதை நீதி என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஒன்றில் ஆட்கள் போலீஸுக்கு முன்னால் வெளியேறினார்கள், இன்னொன்றில் கணக்குப்பிள்ளை சொன்னதைக் கேட்டு வெளியேறினார்கள்.

அரிக்கோனனுக்குப் போகிற வழியே ஒரு பாடம். கில்மார்ட்டினிலிருந்து கிரினன் கால்வாயைக் கடந்து போக வேண்டும். 1801இல் திறந்த கால்வாய், நீளம் 14 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், 15 நீர்ப்பூட்டுகள். பெரும்பாலான பூட்டுகளின் மதகுகளை இன்றும் கையால்தான் தள்ளித் திறக்கிறார்கள். ஒரு பாய்மரப் படகுக்காரர் தனியாகத் திணறியதைப் பார்த்து நானும் ஒரு மரக்கையில் முதுகைக் கொடுத்துத் தள்ளினேன். முதலில் அசையவே இல்லை. பிறகு தண்ணீர்மட்டம் சமமானதும் தானாக வழிவிட்டது. கின்டைர் தீபகற்பத்தைச் சுற்றும் நீண்ட கடல்பயணத்தை மிச்சப்படுத்த வெட்டிய கால்வாய் இது. நிலக்கரிப் படகுகள் நிறைந்திருந்த கால்வாயில் இப்போது உல்லாசப் படகுகள்.

கால்வாய்க்குத் தெற்கே காடு வேறு மாதிரி மாறிவிடுகிறது. ஓக் மரங்களின் உடம்பெல்லாம் பாசி, பாசியின் மேல் லைக்கன், கிளையிலேயே பெரணி. குளிர்நாட்டு மழைக்காடு. ஐரோப்பாவில் இப்போது அருகிவிட்ட வகை. இங்கேயுள்ள ஏரிகளில்தான் 2009இல் நார்வேயிலிருந்து பீவர் என்ற கொறிவிலங்குகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றின் ரோமத்துக்காகவும் இறைச்சிக்காகவும் வேட்டையாடி ஸ்காட்லாந்தில் அந்த இனம் அற்றுப்போய் நானூறு வருஷம் ஆகியிருந்தது. வருஷக்கணக்கில் ஆய்வு செய்தார்கள், கண்காணித்தார்கள், 2019இல் சட்டப் பாதுகாப்பும் கொடுத்தார்கள். நான் போன மாலையில் ஒரு பீவரும் முகம் காட்டவில்லை. பல்லால் கடித்து வீழ்த்திய பிர்ச் மரங்களைப் பார்த்தேன், பென்சில் சீவிய நேர்த்தி.

அங்கிருந்து கொஞ்ச தூரம்தான் அரிக்கோனன். பாதை மேலேறுகிறது. வனத்துறை நட்ட மரங்களுக்கு நடுவே திறந்த சரிவில் கல்வீடுகளின் சுவர்கள், இடுப்புயரத்துக்கும் தோளுயரத்துக்கும் நிற்கின்றன. ஜன்னல் இருந்த இடங்களில் பெரணி. கீழே கடல்கை ஒன்று பளபளக்கிறது. இப்படியொரு காட்சி தெரியும்படி வீடு கட்டியவர்களுக்கு ரசனை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பீவர் திரும்பியதில் எனக்கு முழு மகிழ்ச்சி. காட்டுக்கு அது நல்லது. ஆனால் 1848இல் போனவர்களின் சந்ததியைத் தேடிக் கூப்பிட்டு வந்து வாழவைக்க அப்படியொரு திட்டம் யாரும் போட்டதில்லை என்பதும் அங்கே நிற்கும்போது தோன்றாமல் இல்லை.

கற்காலத்துச் சின்னங்களுக்கு அருமையான அருங்காட்சியகம் இருக்கிறது. புதுப்பித்து 2023இல் மறுபடி திறந்திருக்கிறார்கள். அரை நாள் தாராளமாகச் செலவிடலாம். ஐயாயிரம் வருஷத்துக்கு முந்தைய மனிதர்மேல் அந்த ஊருக்கு இருக்கும் அக்கறை உண்மையானது. நூற்றெழுபது வருஷத்துக்கு முந்தையவர்கள் விஷயத்தில் நாம், பார்க்கப் போகிறவர்கள், அந்த அக்கறையில் பாதியாவது காட்ட வேண்டாமா?

போகிற எண்ணம் இருந்தால் மே மாதம் சரி. ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், காட்டில் நீலமணிப் பூக்கள் இருக்கும். ஜூனிலிருந்து மிட்ஜ் என்ற பொடிப்பூச்சி கூட்டம்கூட்டமாக வந்து கடிக்கும், நம் ஊர்க் கொசு எவ்வளவோ தேவலை. தண்ணீர் புகாத காலணி கட்டாயம். உள்ளூர் பஸ்கள் குறைவு, நேரம் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் கார், இல்லாவிட்டால் சைக்கிள். கல்வட்டத்தையும் டனாடையும் படம் எடுத்த கையோடு கிளம்பிவிடாமல், அரிக்கோனனுக்கும் ஒரு பிற்பகலை ஒதுக்குங்கள்.