வண்டி புதிது, குத்தகை பழையது!

பட்டணத்துச் சர்க்கார் வண்டிகள் மாறுகின்றன. டீசல் புகை கக்கிய பஸ்ஸும் லாரியும் போய், பேட்டரியில் ஓடும் பஸ் வருகிறது. குப்பை அள்ளப் பேட்டரி வண்டி வருகிறது. அதிகாரிகள் ஏறிப் போக, பெட்ரோல் எஞ்சினும் மின்சார மோட்டாரும் சேர்ந்த 'ஹைபிரிட்' கார் நல்லதா, முழு மின்சாரக் கார் நல்லதா என்று விவாதம் நடக்கிறது.

புதிய வண்டியை நாம் எதிர்க்கவில்லை. கந்தகத்தையும் அலுமினியப் பவுடரையும் மூச்சோடு சேர்த்து இழுக்கிற ஏழாயிரம்பண்ணைத் தொழிலாளிக்குப் புகையின் கொடுமையை யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. புகை ஒழியட்டும். ஆனால் நாம் கேட்பது ஒரே கேள்வி. பழைய வண்டி சர்க்காருக்குச் சொந்தமாக இருந்தது. புதிய வண்டி யாருக்குச் சொந்தம்?

15 வருஷம் கடந்த சர்க்கார் வண்டிகள், போக்குவரத்துக் கழக பஸ்கள் ஆகியவற்றின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் ரத்து என்று மத்திய சர்க்கார் உத்தரவு போட்டது. பழைய வண்டியைக் கழிக்க உத்தரவு வந்தது. மாற்று வண்டியைச் சர்க்காரே வாங்கி, சர்க்காரே ஓட்ட வேண்டும் என்று எந்த உத்தரவும் வரவில்லை. அந்தச் சந்து வழியாகத்தான் முதலாளி உள்ளே நுழைகிறான்.

சென்னையில் நடந்தது என்ன?

2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடியில் 120 மின்சார பஸ்களை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். உலக வங்கி உதவியோடு நடக்கும் திட்டம். முதல் கட்டத்தில் 625 பஸ்கள். தாழ்தள பஸ், முதியோரும் மாற்றுத் திறனாளிகளும் சிரமமின்றி ஏறலாம். நல்லது.

ஆனால் அந்த பஸ் மாநகர் போக்குவரத்துக் கழகத்துக்குச் சொந்தமில்லை. ஹிந்துஜா குழுமத்தின் அசோக் லேலண்டைச் சேர்ந்த ஓம் குளோபல் மொபிலிட்டி கம்பெனிக்குச் சொந்தம். டிரைவர் கம்பெனியின் ஆள். பழுது பார்ப்பதும் கம்பெனி. டெப்போ இருக்கும் நிலம் மட்டும் ஜனங்களுடையது. கண்டக்டர் கழகத்தின் ஊழியர். கம்பெனிக்குக் கிலோமீட்டர் கணக்கில் பணம். டிக்கெட் வசூல் கூடினாலும் குறைந்தாலும், ஓடிய தூரத்துக்குக் கழகம் எண்ணி வைக்க வேண்டும். இது 12 வருஷ ஒப்பந்தம். நஷ்டம் வந்தால் ஜனங்கள் தலையில். லாபம் மட்டும் கம்பெனி பையில். இதற்கு 'மொத்தச் செலவு ஒப்பந்தம்' என்று அழகான பெயர் சூட்டியிருக்கிறார்கள். நம் பக்கத்து பாஷையில் இதற்குப் பெயர் குத்தகை.

குத்தகை நமக்குத் தெரியாதா?

லைசென்ஸ் ஒருவர் பெயரில், அறை இன்னொருவர் குத்தகையில், வேலை செய்து சாவது மூன்றாமவர். பட்டாசு ஆலைகளில் உள்குத்தகை என்ன செய்யும் என்பதை 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் கண்டோம். 20-க்கும் மேற்பட்ட உயிர்கள் கருகின. யார் பொறுப்பு என்று கேட்டபோது ஒருவர் கை இன்னொருவரைக் காட்டியது. மில்லிலே கான்டிராக்ட் கூலி வந்தபின் நிரந்தரத் தொழிலாளியின் நிலை என்ன என்பதை ராஜபாளையம் தோழர்களைக் கேளுங்கள். நிலக் குத்தகையின் கதையை விவசாயக் கூலிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

அதே குத்தகைதான் இப்போது பஸ்ஸில் ஏறியிருக்கிறது. கழகத்தின் நிரந்தர டிரைவருக்குச் சம்பள ஒப்பந்தம் உண்டு. பேச்சுவார்த்தைக்குத் தொழிற்சங்கம் உண்டு. காலியிடங்களை நிரப்பு, பஞ்சப்படி பாக்கியைக் கொடு என்று 2024 ஜனவரி 9 அன்று மாநிலம் முழுவதும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள் போக்குவரத்துத் தொழிலாளர்கள். காலியிடத்தை நிரப்பு என்றால், அந்த இடத்தையே கம்பெனிக்குத் தூக்கிக் கொடுப்பதா பதில்?

குப்பை வண்டியிலும் இதே கதை. சென்னையின் 7 மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலை 2020-ல் உர்பேசர் சுமீத் கம்பெனிக்குப் போனது. தள்ளுவண்டி போய்ப் பேட்டரி வண்டி வந்தது. கூடவே கான்டிராக்டும் வந்தது. 2025-ல் ராயபுரம், திரு.வி.க.நகர் மண்டலங்களையும் தனியாருக்குக் கொடுத்தபோது, துப்புரவுத் தொழிலாளர்கள் ஆகஸ்ட் 1 முதல் 13 நாள் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்து போராடினார்கள். 13-ம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது.

பணமில்லையா?

"மின்சார பஸ் விலை அதிகம், கழகத்திடம் பணமில்லை" என்கிறார்கள். கம்பெனி மட்டும் வீட்டில் நோட்டு அச்சடிக்கிறதா? அதுவும் கடன் வாங்கித்தான் பஸ் இறக்குகிறது. அந்தக் கடனையும் வட்டியையும், அதன் மேல் தன் லாபத்தையும் சேர்த்துத்தான் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நம்மிடம் வசூலிக்கிறது. சர்க்காருக்குக் கிடைக்கும் கடன் கம்பெனிக்குக் கிடைப்பதை விட மலிவு. 2024-ல் சென்னைக்குத் தாழ்தள டீசல் பஸ்கள் எப்படி வந்தன? ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கிக் கடனில், கழகத்தின் சொந்தச் சொத்தாக வந்தன. டீசல் பஸ்ஸைச் சொந்தமாக வாங்க முடிந்த கை, அடுத்த வருஷமே மின்சார பஸ் என்றதும் முடங்கிப் போனது ஏன்?

நஷ்டத்தில் ஓடுகிறது என்று ஏசுகிறார்கள். பள்ளிப் பிள்ளைக்கு இலவச பாஸ், 2021 மே மாதம் முதல் சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு இலவசப் பயணம், பத்துப் பேர் ஏறினாலும் கடைசிக் கிராமம் வரை போகிற இரவு டிரிப்: இவை சேவை. இந்தச் செலவைச் சர்க்கார் முழுமையாகக் கழகத்துக்கு ஈடு செய்ய வேண்டும்.

சென்னை பஸ் நமக்கென்ன?

1972-ல் பெரிய முதலாளிகளின் பஸ் தடங்கள் தேசியமயமாகி, மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. அதன் பலனைத்தான் சாத்தூரும் வெம்பக்கோட்டையும் ஏழாயிரம்பண்ணையும் இன்றும் அனுபவிக்கின்றன. சென்னையில் வெற்றி என்று சொல்லப்படும் குத்தகை மற்ற ஊர்களுக்கும் வரும். சிவகாசியும் 2021 முதல் மாநகராட்சிதான். கம்பெனிக்குக் கட்ட வேண்டியது ஒப்பந்தப்படி தவறாமல் போய்விடும். கழகத்தில் பணம் குறைந்தால் வெட்டு எங்கே விழும்? தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பெண்கள் காத்து நிற்கும் டவுன் பஸ்ஸில்தான் விழும்.

இன்னொன்றும் யோசியுங்கள். மின்சார பஸ்ஸில் விலையின் பெரும்பங்கு பேட்டரிக்கு. அதையும் மோட்டாரையும் பழுது பார்க்கும் திறமை கம்பெனியிடம் மட்டும் இருந்தால், நாளை கழகமே ஓட்ட நினைத்தாலும் முடியாது. டெப்போக்களின் மெக்கானிக்குகள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள்.

ஆகவே நாம் கோருகிறோம்:

கழிக்கப்படும் ஒவ்வொரு சர்க்கார் வண்டிக்கும் மாற்று வண்டி, பொது நிறுவனத்தின் சொந்தப் பெயரில் வாங்கப்பட வேண்டும்!

டிரைவர், கண்டக்டர், மெக்கானிக் காலியிடங்கள் நிரந்தர ஊழியரைக் கொண்டு நிரப்பப்பட வேண்டும்!

டெப்போத் தொழிலாளர்களுக்கு மின்சார வண்டிப் பழுது வேலையில் பயிற்சி வேண்டும்!

பேட்டரி வண்டி ஓட்டும் துப்புரவுத் தொழிலாளியை உள்ளாட்சி ஊழியராக்க வேண்டும்!

கம்பெனிகளோடு போட்ட ஒப்பந்தங்களைத் தமிழில் முழுமையாக வெளியிட வேண்டும்!

மில் வாசலிலும் பட்டாசு ஆலை வாசலிலும் இதைப் பேசுங்கள். அடுத்த கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். போக்குவரத்துத் தொழிலாளி போராடினால், அவரது கோரிக்கை நம் ஊர் பஸ்ஸைக் காக்கும் கோரிக்கை என்று சொல்லிப் பக்கத்தில் நில்லுங்கள், தோழர்களே!